கப்பற் பதிவேடுகளும் கணிப்பொறித் தேடலும்: நேட்டால் தமிழர் பெயர்களை மீட்டறிதல்

சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற வரலாறு அக்கப்பலோடு தொடங்குகின்றது. 1911 வரை 1,52,184 பேர் அங்குச் சென்றனர். அவர்களுட் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஒவ்வொருவருக்கும் தனியெண் வழங்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், அங்க அடையாளம் ஆகியன பதிவேட்டில் எழுதப்பட்டன. இப்பதிவேடுகள் பின்னர்க் கணிப்பொறித் தரவுகளாக மாற்றப்பட்டன. அதனால், முன்னோரின் ஊரைத் தேடும் வழித்தோன்றல்கள் ஏடுகளைப் புரட்டாமலே தேட இயல்கின்றது. எனினும் அத்தேடலின் பயன் பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பைப் பொறுத்தே அமைகின்றது.

பதிவேட்டுப் பெயர்கள் எழுத்தர் காதாற் கேட்டு உரோமன் எழுத்தில் எழுதியவை. ஒரே பெயர் பல வடிவம் பெற்றமைக்கு இதுவே முதற் காரணம். இத்தகைய வேறுபாடுகளைக் கடந்து பெயர்களை ஒன்றுசேர்க்கக் குடிவழி ஆய்வாளர் பயன்படுத்தும் பழைய முறை சவுண்டெக்சு ஆகும். இராபர்ட் ரசல் என்பார் 1918இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் பெயரின் முதலெழுத்து அப்படியே நிற்கும், உயிர்கள் நீக்கப்படும், எஞ்சிய மெய்கள் ஆறு வகுப்புகளாக எண்ணாற் குறிக்கப்படும்.

இம்முறை தமிழ்ப் பெயர்களுக்கு ஓரளவே பொருந்துகின்றது. ராமசாமி, ராம்சாமி, ராமஸ்வாமி எனப் பலவாறு எழுதப்பட்ட பெயர் ஒரே குறியீட்டைப் பெறுகின்றது. ஆனால் கோவிந்தன் என்னும் பெயர் ‘ஜி’ என்னும் எழுத்திலும் ‘கே’ என்னும் எழுத்திலும் தொடங்கி எழுதப்படுவதால் இரண்டாகப் பிரிகின்றது. சின்னசாமி ‘சி’, ‘எஸ்’ என்னும் எழுத்துகளால் அவ்வாறே பிரிகின்றது. தமிழெழுத்து ஒன்றாகக் காணும் வல்லினத்தை ஆங்கிலச் செவி பலவாகக் கேட்கும் இடம் பெயரின் முதலாகவும் அமைகின்றது. சவுண்டெக்சு சிறிதும் நெகிழாத இடமும் அதுவே. ஏழுமலை என்னும் பெயரில் இடர் மேலும் மிகுகின்றது. முதலில் யகர ஒலி சேர்ந்தும் சேராமலும், ழகரம் ‘எல்’ எனவும் ‘இசட்-எச்’ எனவும் எழுதப்படுவதால், மூன்று வடிவங்கள் மூன்று குறியீடுகளைப் பெறுகின்றன. மறுபுறம் மணி, முனி, மீனா ஆகிய மூன்றும் ஒரே குறியீட்டில் அடங்கிவிடுகின்றன.

குடும்பப்பெயர் என்னும் கட்டமும் தமிழ் மரபுக்குப் பொருந்துவதன்று. தமிழர் தம் பெயரோடு தந்தை பெயரை வழங்கினரேயன்றித் தலைமுறைதோறும் தொடரும் பெயரைப் பொதுவாகக் கொண்டிலர். நேட்டாலில் ஒரு முன்னோரின் இயற்பெயரே பின்வந்தோர்க்குக் குடும்பப்பெயராயிற்று. சில குடும்பங்களிற் சாதிப்பட்டம் அவ்விடத்தைப் பெற்றது. முதலியார் என்பது மூட்லி எனத் திரிந்தது. ஆகவே இன்றைய குடும்பப்பெயரைப் பதிவேட்டின் தந்தை பெயரோடு ஒப்பிடுவது மட்டும் போதாது. தொழிலாளியின் பெயரோடும் ஒப்பிட வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் எச்சரிக்கை தேவை. 1880களின் பதிவில் வட ஆற்காடு என்றிருப்பின், அவ்வூர் இன்றைய தமிழ்நாட்டில் உள்ளதெனக் கொள்ள இயலாது. அம்மாவட்டத்தின் ஒரு பகுதி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திற் சேர்ந்து, 1953இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. எஞ்சிய பகுதி 1989இல் மேலும் பிரிக்கப்பட்டது. புதூர் போன்ற பெயருடைய ஊர்களோ பல மாவட்டங்களிற் பலவாக உள்ளன.

பெயரை மட்டும் நம்பி இணைப்பவர் பிறரது முன்னோரைத் தம் முன்னோராக ஏற்கும் இடர் உண்டு. ஆகவே தனியெண்ணே முதற்சான்றாதல் வேண்டும். பெயர், தந்தை பெயர், வயது, கப்பல், ஊர் ஆகியன துணைச்சான்றுகளாகும். மொழிபெயர்ப்பாளர் மூலப் பதிவின் உரோமன் வடிவத்தை மாற்றாமற் காத்து, தமிழ் வடிவத்தை ஊகமென்று குறித்துத் தனியே தருதல் முறையாகும். மூன்சாமி எனப் பதிவானவர் முனுசாமியா, முனிசாமியா என்பதை அவ்வெழுத்துகள் மட்டும் உறுதிசெய்யமாட்டா. இரண்டையும் காட்டுவதே நேர்மை.

கிழக்கு ஐரோப்பிய யூதர் பெயர்களுக்கெனத் தைச்சு, மொகோடாப் ஆகியோர் 1985இல் வகுத்த முறை முதலெழுத்தையும் எண்ணாற் குறிக்கின்றது; ஐயத்திற்குரிய ஒலிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளை வழங்குகின்றது. வல்லின வேறுபாடு, ழகரத் திரிபு, சொன்முதல் யகரம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு தமிழுக்கும் அத்தகைய முறையை வகுத்தல் இயலும். ஒலியியலார் அதனை மேற்கொள்வராயின், எழுத்தரின் செவியிற் சிதைந்த பெயர்கள் பல தம் குடும்பங்களை மீண்டும் சென்றடையும்.