கிணற்றில் இறங்கியவர்கள்

பினாங்கில் பாடாங் கோத்தாவின் கடலோரச் சுவரில், கையில் பசம்பூர்த் தட்டோடு மாலைக் காற்று வாங்க உட்காருகிறவர்கள், எதிர்க்கரையில் வடகிழக்குத் திசையில் தாழ்ந்து தெரியும் பச்சைக் கோடு பட்டர்வொர்த் விமானத்தளத்தைச் சேர்ந்தது என்பதைச் சாதாரணமாக நினைத்துப் பார்ப்பதில்லை. சில அடி தூரத்தில் யுத்த நினைவுத்தூண் நிற்கிறது. அதையும் அவர்கள் பார்ப்பதில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். நீரிணைக்கு மேலே தடதடவென்று ஒரு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் "நூரி போகுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டைக் கவனிப்பதே அப்போது ஊர் வழக்கம்.

அந்தத் தளத்தின் கீர்த்தி முழுவதும் வேகமாகப் பறந்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷார் 1941 அக்டோபரில் திறந்து வைத்த இரண்டே மாதத்தில் ஜப்பானியர் அதைக் குண்டு போட்டுச் சிதைத்தார்கள். அவ்வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி, தாம் மேலெழும்பிய கணத்தில் மற்ற விமானங்களெல்லாம் தரையிலேயே நாசமானபோதும், ஒற்றை பிளென்ஹீம் விமானத்தோடு போய்த் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கிவிட்டு, உயிர்போகும் காயத்தோடு அலோர் ஸ்டாரில் வந்து இறக்கிய ஆர்தர் ஸ்கார்ஃபின் பெயரை யுத்த சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். விக்டோரியா கிராஸ் அவருக்கு 1946-ல்தான் வந்தது. பின்பு 1958-ல் தளம் ஆஸ்திரேலியர் கைக்கு மாறி, ஸேபர், மிராஜ் என்று ஜெட் விமானங்கள் நீரிணையைக் கிழித்துக்கொண்டு பறந்தன. சிறுவர்கள் அண்ணாந்து பார்த்தது அவற்றைத்தான். மெதுவாகவும் தாழ்வாகவும், மழைக்கும் மலைக்கும் பயந்து பயந்து போன ஹெலிகாப்டரை ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை.

ஆனால் மலாயாவின் காடுகளில் ஹெலிகாப்டர் யுத்த வாகனமாக வரவில்லை, தூளியாக வந்தது. 1948-ல் கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் பிரகடனமான பிறகு, காட்டுக்குள் அடிபட்ட சிப்பாயையோ போலீஸ்காரரையோ வெளியே கொண்டுவருவதற்கு ஒரே வழி, கழியில் துணி கட்டித் தோளில் சுமந்து, சதுப்பும் சரிவும் தாண்டி நாள்கணக்காக நடப்பதுதான். தோட்டத்து லயங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிப் போன நம்மவர்களுக்கு அந்த நடையின் நீளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமாகவே 1950 மே மாதம் சிங்கப்பூரின் ஸெலெத்தார் தளத்தில், டிராகன்ஃபிளை என்னும் மூன்று சிறு ஹெலிகாப்டர்களைக் கொண்டு, காயமடைந்தவர்களை அகற்றுவதற்கென்றே பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு சிறு பிரிவு ஏற்பட்டது. அடுத்த மாதமே ஜொகூரில் காயம்பட்ட ஒரு போலீஸ்காரரை அது ஆஸ்பத்திரி சேர்த்தது. நோயாளியைக் கிடத்துவதற்கு உள்ளூரிலேயே பிரம்பால் பின்னிய நீளக் கூடை ஒன்றைச் செய்துகொண்டார்கள் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒருவகை நெருக்கமும் உண்டாயிற்று. ஆகாயத்தில் பறந்தாலும் கடைசியில் நம் ஊர்ப் பிரம்புதான்!

இந்த விமானிகளின் தொழிலைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் படைப்பிரிவு மரங்களை வெட்டியோ வெடி வைத்துச் சாய்த்தோ ஓர் இடைவெளி உண்டாக்குகிறது. சுற்றிலும் நிற்கும் மரங்கள் இருநூறு அடி உயரம் இருக்கலாம். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு அது மைதானமல்ல, கிணறு. அந்தக் கிணற்றுக்குள் அவர் செங்குத்தாக இறங்க வேண்டும். இடது கை ஒரு நெம்புகோலை ஏற்றி இறக்கி உயரத்தை நிர்ணயிக்கிறது. அதன் நுனியிலுள்ள பிடியைத் திருகி இயந்திரத்தின் வேகத்தையும் அதே கைதான் ஓயாமல் சரிசெய்ய வேண்டும். வலது கை திசை காட்டுகிறது. இரண்டு கால்களும் வாலிலுள்ள சிறு சுழலியை அடக்கிக்கொண்டிருக்கின்றன. முன்னே தெரிவதைக் கண் கவனித்துக்கொள்ளும். பின்னே அந்த வால் ஒரு கிளையைத் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. இவ்வளவுக்கும் மேலே வெயில் என்று ஒரு சத்துரு உண்டு: உஷ்ணத்தில் காற்று இளகித் தூக்கும் சக்தி குறைந்துவிடுவதால், விடியற்காலையில் லகுவாக எழும்பிய அதே இயந்திரம் உச்சிப்பொழுதில் ஒரு நோயாளியோடு கிணற்றை விட்டு ஏற முடியாமல் திணறும். ஆகையால் எத்தனை பேரை ஏற்றுவது, எவரை விட்டுப் போவது என்ற கணக்கை, அடிபட்டவன் முகத்துக்கு எதிரிலேயே அந்த மனிதர் போட வேண்டியிருந்தது.

அந்த ஆரம்பகால விமானிகளில் ஜான் டௌலிங் என்பவர் ஹெலிகாப்டரையே ஆயுள் தொழிலாகக் கொண்டவர். 1952-ல் தென் ஜொகூரின் காட்டு வெள்ளத்தில் நோயுற்று மாட்டிக்கொண்ட காமரோனியன் படைப்பிரிவினரை அச்சிறு இயந்திரங்களால் கொஞ்சங் கொஞ்சமாக வெளியேற்றியவர்களில் அவர் முக்கியமானவர். பத்து வருஷம் கழித்து, 1962-ல், யுத்தத்தில் இடிந்து புதிதாக எழும்பிய இங்கிலாந்தின் காவென்ட்ரி தேவாலயத்தின் உச்சிக் கோபுரத்தை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோய்ப் பொருத்தியவரும் அவரே. நம் நாட்டுக் கிணறுகளில் இறங்கிப் பழகிய கைக்கு அது அசாத்தியமாக இருந்திராது என்று நினைத்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்ற பின் தம் படையின் முதல் இருபது வருஷ ஹெலிகாப்டர் சரித்திரத்தை அவரே ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். இல்லையென்றால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி மறைந்தே போயிருக்கும்.

பட்டர்வொர்த்துக்கு 1959-ல் பிரிட்டிஷாரின் 110-ஆவது ஸ்குவாட்ரன் வந்து சேர்ந்தது. அவர்கள் ஓட்டிய ஸிகமோர் ஹெலிகாப்டரின் சுழலித் தகடுகள் மரத்தால் ஆனவை. குளிர்தேசத்து மரவேலை நம் ஈரக்காற்றில் என்ன பாடுபடும் என்பதை இங்குள்ள எந்தத் தச்சரும் முதல் நாளே சொல்லியிருப்பார். அந்தத் தகடுகள் கெட்டு, அவ்வருஷமே அந்த ரக ஹெலிகாப்டர்கள் பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு 1964-ல் ஆஸ்திரேலியரின் 5-ஆவது ஸ்குவாட்ரன் இரொக்வாய் ஹெலிகாப்டர்களோடு வந்து, தாய்லாந்து எல்லைக் காடுகளில் இரண்டு வருஷம் பறந்தது. இங்கே கற்ற பாடத்தோடு அவர்களில் பலர் 1966-ல் வியட்நாமுக்குப் போனார்கள்.

மலேசிய விமானப்படைக்கு 1964-ல் அலூவெத் ஹெலிகாப்டரும் 1968-ல் நூரியும் வந்தன. ஸிகோர்ஸ்கி கம்பெனி கட்டிய அந்தப் பெரிய இயந்திரத்துக்குக் கிளியின் பெயரை வைத்தவரின் ரசனையை மெச்ச வேண்டும். படகு போன்ற அடிவயிறும் ஐந்து சுழலித் தகடுகளுமாக அது பறப்பதைப் பார்த்தால் கிளியின் ஞாபகம் வரவே வராது. அதே 1968-ல் எல்லையில் கம்யூனிஸ்டுகளோடு இரண்டாவது போராட்டம் தொடங்கி, 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இருபத்தொரு வருஷம் நீடித்தது. அக்காலம் முழுவதும் கெடா, பேராக் மலைக்காடுகளுக்குச் சிப்பாய்களையும் அரிசியையும் கொண்டுபோய், கண்ணிவெடியில் கால் இழந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது நூரிதான். போலீஸ் காவலிருந்த காட்டுக் கோட்டைகளைச் சுற்றி வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களில் பிரசவத் தாய்மாரும் காய்ச்சல்காரக் குழந்தைகளும் ஹெலிகாப்டரில்தான் முதன்முதலாக ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார்கள். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1976 ஏப்ரலில் கெடாவின் குபீர் காட்டில் எதிரியின் குண்டுபட்டு விழுந்த நூரியில் பதினொருவர் மாண்டனர். 2007 ஜூலையில் கெந்திங் செம்பா அருகே மலையில் மோதிய நூரியில் ஆறு பேர் போயினர். அப்போது யுத்தமே இல்லை. 2020-ல் விமானப்படை நூரிக்கு ஓய்வு கொடுத்தது. ஐம்பத்திரண்டு வருஷம் ஓர் இயந்திரத்துக்கு அதிகம். அதை ஓட்டியவர்களின் உயிருக்கு அதிகம் என்றும் சொல்வேன்.

ஓய்வு பெற்ற மனிதர்கள் விஷயம் வேறு. 1957-க்கும் 1966-க்கும் இடையில் இங்கே சேவை செய்த காமன்வெல்த் வீரர்களுக்கென்று மலேசிய அரசாங்கம் பிங்காட் ஜாஸா மலேசியா என்னும் பதக்கத்தை ஏற்படுத்திற்று. பிரிட்டிஷ் அரசாங்கமோ, 2006-ல், தன் பழைய வீரர்கள் அதைப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியது. எழுபதைத் தாண்டிய கிழவர்கள் மனு மேல் மனுவாக எழுதி, 2011-ல்தான் அதை மார்பில் குத்திக்கொள்ளும் அனுமதியைப் பெற்றார்கள். அதற்குள் பலருக்குக் குத்திக்கொள்ள மார்பு இல்லை. நம் வீரர்களின் குறை பதக்கத்தைப் பற்றியதல்ல. குறிப்பிட்ட வருஷம் முடியாமல் படையை விட்டு வந்த சாதாரண சிப்பாய்களுக்குப் பென்ஷனே கிடையாது என்பதுதான். ஜூலை 31, வீரர் தினத்தன்று மாலை வைக்கிறவர்கள் மறுநாளும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு விமானியும் ஒரு லாக் புக் வைத்திருப்பார்: தேதி, ஹெலிகாப்டரின் எண், போன இடம், பறந்த நேரம், ஓரத்தில் இரண்டொரு சொல். டௌலிங் போலப் புத்தகம் எழுதும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. அவர்களுடைய சரித்திரம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் விமானியாகவோ மெக்கானிக்காகவோ இருந்த தாத்தாவோ மாமாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவருடைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரிக்கு அந்த நோட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள்.