பாண்டியன் குதிரைக்குப் போட்ட தீனி



நரியைப் பரியாக்கிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்த பொன்னை, மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது புராணம். இந்தக் கதைக்குள்ளே ஒரு சரித்திரமும் இருக்கிறது. நல்ல குதிரை நம் ஊரில் விளையவில்லை, கப்பலில் வந்தது, பொன் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையும் சொல்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்த வியாபாரம் உச்சத்தில் இருந்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இன்றைக்குப் பழையகாயல் என்கிறோமே, அந்தக் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. வாசாப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஒரே வியாபாரி ஆண்டுக்கு 1,400 குதிரை தருவதாக ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் அரசன் கஜானாவிலிருந்து பணம் கொடுக்க வேண்டும்!

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரை என்ன ஆச்சு? 1292-ஐ ஒட்டி இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சொல்வதைக் கேளுங்கள். அரசனும் அவன் சகோதரர் நால்வரும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை போல ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை. வெளியூர்க்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் காட்டுகிற காரணம்தான் நமக்கு முக்கியம். குதிரைக்குச் சோறும், வேகவைத்த இறைச்சியும் போட்டார்களாம். பக்குவம் தெரிந்த குதிரை வைத்தியரும் கிடையாது. வைத்தியர் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று, குதிரை விற்கிறவர்களே அவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி!

வாசாப் சொல்வது கொஞ்சம் வேறு மாதிரி. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்து வேகவைத்த தானியம், காய்ச்சிய பசும்பால் எல்லாம் கொடுத்தார்கள்; கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப் போட்டார்கள்; அப்புறம் பழக்காமலே ஏறி விரட்டினார்கள்; எப்பேர்ப்பட்ட குதிரையும் கொஞ்ச நாளில் சோர்ந்துவிட்டது என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் இன்றைய கால்நடை விஞ்ஞானத்துக்குப் பொருந்தி வருகிறது. குதிரை, மாடு போல அசைபோடாது. பெரிய மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டரைத் தாண்டும். குதிரையின் இரைப்பையோ 8 முதல் 15 லிட்டர்தான். அதற்கு வாந்தியும் எடுக்க வராது. புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பின்னால் பெருங்குடலில் இருக்கின்றன. சோற்றையும் தானியத்தையும் ஒரே வேளையில் அள்ளிப் போட்டால், செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துவிடும். வயிறு உப்பும், சூலை நோய் வரும். குளம்புக்குள் அழற்சி கண்டு கால் ஊன்ற முடியாமல் போகும். கொழுக்கத் தின்ன வைத்துச் சும்மா கட்டிப்போட்ட குதிரையைத் திடீரென்று விரட்டினால் தசை இறுகி, சிறுநீர் கறுத்து, அப்படியே விழுந்துவிடும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு வருவதால் இதை ஐரோப்பாவில் திங்கட்கிழமை நோய் என்றே சொல்வார்கள்.

உயர்ந்த ஆண் குதிரையோடு உயர்ந்த பெண் குதிரையைச் சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும் போலோ எழுதினார். அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சினைக் குதிரை அதையே தின்றால் தாய்க்கும் குட்டிக்கும் எலும்பு எப்படி உறுதிப்படும்? மண்ணின் மேல் மட்டும் பழி போட முடியாது. 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒசூரில் பண்ணை தொடங்கியது படைக்குக் குதிரை வளர்க்கத்தான். ஒசூர் குளிர்ந்த மேட்டு நிலம் என்பது உண்மை. ஆனாலும் அது நம் சீமைதானே!

குதிரை வைத்தியம் இந்த நாட்டுக்கே தெரியாததும் அல்ல. நகுலர் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-ல் அச்சிட்டது. ஏட்டில் இருந்த அறிவு இலாயத்துக்கு வரவில்லை போலும்.

ஜட்கா வண்டிக் காலம் போய்விட்டது. ஆனாலும் ரேக்ளாவுக்கும் திருவிழாவுக்கும் குதிரை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பிடிப்பவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தீனி புல்தான். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் 5 முதல் 6 கிலோ புல் வேண்டும். பச்சையாகக் கொடுத்தால் 20 கிலோவுக்கு மேல் ஆகும். குதிரைமசால் கொஞ்சம் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும், பெயரே குதிரைமசால்தானே! கொள்ளு, வேலைக்குத் தகுந்தபடி ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை போதும். அதை ஊறவைத்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேலை இல்லாத நாளில் கொள்ளைக் குறையுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். தீனியை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். நல்ல தண்ணீரும் உப்பும் எப்போதும் எட்டும்படி இருக்கட்டும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு கூடவே கூடாது. கோழித் தீவனமும் வேண்டாம். அதில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தைப் பாருங்கள். குடற்புழு மருந்து, ரண ஜன்னித் தடுப்பூசி இவற்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். குதிரை தரையில் புரண்டு வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், தீனியை நிறுத்திவிட்டு உடனே அவரை அழையுங்கள். கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள்.

கஜானா இருந்ததால் பாண்டியன் வருஷா வருஷம் புதுக் குதிரை வாங்கினான். நம்மால் முடியுமா? குதிரையைப் பல் பிடித்து, சுழி பார்த்து வாங்குகிறோம். அதற்கு முன்னால் வீட்டில் புல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.