உடலைக் கற்கக் கடல் கடந்தோர்

நாடகம் என்றதும் எழுதப்பட்ட பனுவலையே நினைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. சாகுந்தலமும் மனோன்மணீயமும் நாடக இலக்கியம் எனப் பாடமாகின்றன. ஆடும் உடலைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயின், இருபதாம் நூற்றாண்டில் உலக அரங்கிலே நிகழ்ந்த மாற்றங்களுள் தலையாயது, நடிகனின் உடலே நாடகத்தின் முதற் பனுவல் என்னும் கருத்து வேரூன்றியமையாகும். அக்கருத்தின் வழியே வளர்ந்ததை உடல்சார் அரங்கு என்பர். அதனைப் பட்டப்பின் பயிற்சியாகக் கற்பதற்குப் பாரிசுக்கும் இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் மாணவர் செல்கின்றனர். மாத்தளை மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து கலைப்பீடத்திலே பயிலும் எனக்கும் அவ்வாசை உண்டென்பதை ஒளிப்பதற்கில்லை. ஆசைப்படுவதற்கு முன், அங்கே கற்பிக்கப்படுவது எங்கிருந்து வந்தது என்பதையும், முன்னர் சென்றவர்கள் எதனைக் கொண்டு மீண்டனர் என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்றெனத் தோன்றியது. அத்தேடலின் விளைவே இக்கட்டுரை.

பிரான்சிலிருந்து தொடங்குவோம். ஜாக் கோப்போ என்பார் 1913இல் பாரிசில் வியூ கொலம்பியே என்னும் அரங்கை நிறுவினார். அக்கால நடிகரின் செயற்கையான பேச்சும் மிகையான கையசைவும் அவருக்கு வெறுப்பூட்டின. 1921இல் அவர் அமைத்த பள்ளியிலே மாணவருக்கு உடற்பயிற்சியும் முகமூடிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. முகத்தை மறைத்துவிட்டால் நடிகன் உடலால் மாத்திரமே பேசவேண்டியவனாகிறான் அல்லவா? 1924இல் அப்பள்ளி மாணவர்கள் 'கந்தான்' என்னும் யப்பானிய நோ நாடகத்தைப் பல மாதங்கள் பயின்று ஆயத்தப்படுத்தினர். நடிகர் ஒருவரின் முழங்காலில் ஏற்பட்ட காயத்தினால் அது பொதுமக்கள் முன் மேடையேறாமலே போயிற்று. எனினும், ஒத்திகையைக் கண்டவர்கள் அதை மறக்கவில்லை. அப்பள்ளியில் அந்நாளில் மாணவராயிருந்த எட்டியென் டெக்ரூ பிற்காலத்தில் உடல்வழி ஊமத்தின் பேராசானாக விளங்கினார். மார்சல் மார்சோ அவரிடம் பயின்றவரே. கோப்போவின் மருமகனும் மாணவருமாகிய ஜான் டாஸ்டேயின் குழுவில், இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் சேர்ந்தவர் ஜாக் லெக்கோக். அவர் அடிப்படையில் உடற்கல்வி ஆசிரியர். 1956இல் அவர் பாரிசிலே தொடங்கிய பள்ளியே இன்று உடல்சார் அரங்கைக் கற்க விழைவோர் முதலில் நினைக்கும் இடமாகும். மேடையேறாத ஒரு நோ நாடகத்தின் நிழல் அப்பள்ளியின் அடித்தளத்திலே கிடக்கிறது என்று கூறின் அது மிகையாகாது.

ஐரோப்பாவின் மறு கோடியில் நடந்ததும் இதனை ஒத்ததே. யூஜீனியோ பார்பா என்னும் இத்தாலிய இளைஞர் நாடகம் கற்கப் போலாந்து சென்று, அங்கே யேர்சி கிறோட்டோவ்ஸ்கியிடம் பயின்றார். 1963இல் அவர் கேரளத்திற்கு வந்தார். கவிஞர் வள்ளத்தோள் 1930இல் நிறுவிய கலாமண்டலத்திலே, சிறுவர்கள் விடியற்காலையில் எழுந்து கண்ணுக்கும் காலுக்கும் இடுப்புக்கும் தனித்தனியே பயிற்சி பெறுவதையும், மழைக்காலத்தில் ஆசான் காலால் மிதித்து எண்ணெய் உழிச்சில் செய்வதையும் கண்டார். கண்டவற்றை எழுதிப் போலாந்துக்குக் கொண்டுபோனார். கிறோட்டோவ்ஸ்கியின் நடிகர்கள் அவற்றுள் சிலவற்றைப் பயின்று பார்த்தனர். அடுத்த ஆண்டு, 1964இல், பார்பா ஒஸ்லோவில் தம் சொந்தக் குழுவைத் தொடங்கியபோது அதிற் சேர்ந்தவர்கள் யாவர்? அந்நகர நாடகப் பள்ளியின் அனுமதித் தேர்விலே நிராகரிக்கப்பட்ட இளைஞர்கள். 'ஓடின்' என்னும் அக்குழு 1966இல் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ என்ற சிற்றூருக்குப் பெயர்ந்து உலகப் புகழ் எய்தியது. தேர்விலே தோற்ற மாணவர் இவ்வரலாற்றை அறிந்துவைத்திருத்தல் நலம்.

எனவே, மேலைநாட்டுப் பள்ளிகள் கற்பிக்கும் உடற்பயிற்சியின் ஒரு பகுதியேனும் கீழ்த்திசையிலிருந்து கடல் கடந்து சென்றதாகும். இங்கிருந்து செல்லும் மாணவன் தன் அயல் வீட்டுச் சொத்தை வட்டியோடு மீட்கச் செல்கிறான் எனச் சிலர் பெருமையாகக் கூறுவர். அக்கூற்றை நான் முழுமையாக ஏற்கவில்லை. எடுத்தவர்கள் அதனைப் பகுத்தனர், பெயரிட்டனர், எவரும் பயிலத்தக்க முறையாக்கினர். அவ்வுழைப்பு அவர்களுடையது. நாம் செய்யாது விட்டதும் அதுவே.

நம் நாட்டிலே கடல் கடந்து கற்று மீண்டவர் எனின், முதலில் எண்ணத்தக்கவர் பேராதனையின் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரா ஆவார். அவர் 1955இல் ரொக்கபெல்லர் நிதியத்தின் உதவியோடு யப்பான் சென்று நோ, கபுகி ஆகியவற்றைக் கண்டார். மறு ஆண்டு, 1956 நவம்பர் 3ஆம் நாள், கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலே 'மனமே' மேடையேறியது. அதில் யப்பானிய உடையோ யப்பானிய இசையோ இல்லை; தென்னிலங்கை நாடகமவின் ஆட்டமும் பாட்டுமே இருந்தன. பல்கலைக்கழக மாணவருக்கு அவற்றைப் பயிற்றியவர் சாள்ஸ் சில்வா குணசிங்க என்னும் கிராமத்துக் குருன்னான்சே. ஒரு பழைய ஆடல் மரபு நாகரிக நகரமொன்றின் நடுவே மதிப்போடு வாழ முடியும் என்பதையே சரச்சந்திரா யப்பானிலே கண்டார் எனலாம். இங்கு நோக்கற்பாலது யாதெனின், சிங்கள நாட்டார் நாடகங்களைத் தேடிக் கண்டு ஆராயும் பணியை அவர் யப்பான் செல்லுமுன்னரே செய்திருந்தார். நாடகம தமிழ்க் கூத்து மரபோடு கொண்ட உறவை எடுத்துக் காட்டியவரும் அவரே. வெறுங்கையோடு சென்றிருப்பின் கபுகியின் போலியொன்றையே கொண்டு திரும்பியிருப்பார் என்பது என் துணிபு.

தமிழிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாடகத்தைத் தேடிக் கடல் கடக்கவில்லை, மட்டக்களப்புக்குச் சென்றார். 'கர்ணன் போர்' 1962இலும், 'இராவணேசன்' 1964இலும், 'வாலிவதை' 1967இலும் பேராதனை மாணவரால் ஆடப்பட்டன. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரியில் ஆடியது படச்சட்ட மேடைக்குள் புகுந்தது. இதனால் கூத்து உயிர் பெற்றதா, உருக்குலைந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், அன்று மாணவராய் அக்கூத்துகளில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆடிய காலே ஆராய்ச்சிக்கும் நடந்தது.

மலையகத்துக்கு அத்தகைய பேறு அந்நாளிலே கிட்டவில்லை. மாத்தளையில் மாசி மாதம் பிறந்ததும் இரண்டு ஆயத்தங்கள் நடைபெறும். நகரிலே முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் மாசி மகத்துக்கு அலங்கரிக்கப்படும். மேலே தோட்டங்களிலே காமன் பொட்டல் துப்புரவாக்கப்படும். அமாவாசை கழிந்து காமன் ஊன்றியபின் ரதியும் மன்மதனும் தப்பொலிக்கு ஆடியபடி லயன் லயனாக வருவர். இருவருமே ஆண்கள், விரதம் காத்தவர்கள். பௌர்ணமியை அண்டிய இரவிலே தூதனும் எமனும் வீரபத்திரனும் தோன்றுவர். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான். ரதியின் புலம்பல் விடியும் வரை நீளும்.

இக்கூத்தின் ஆட்டத்தை உடற்பயிற்சிக் கண்ணோடு நோக்குதல் வேண்டும். பொட்டல் சமதரையாக அமைவது அரிது. மலைச்சரிவை வெட்டித் திருத்திய சிறு மண்தரை அது. ஆகவே முழங்கால் மடிந்து, பாரம் தாழ்ந்து, பாதம் முழுவதும் பதியவே ஆடவேண்டும். வீரபத்திரன் ஆடுபவன் உருவேறிய நிலையில் சுழன்று பாய்ந்தும் சுற்றி அமர்ந்திருக்கும் பிள்ளைகள்மீது மோதுவதில்லை. தன்னை மறந்தவன் தன் காலை மறக்கவில்லை! ஆட்கொள்ளப்படுதலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான இந்நிலை பற்றிக் கிறோட்டோவ்ஸ்கி முதலியோர் மிகுதியாகச் சிந்தித்துள்ளனர். எங்கள் கூத்து வாத்தியார் அது பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. இளைஞன் ஒருவன் நிமிர்ந்து ஆடினால் கையிலிருக்கும் கம்பினால் அவன் முழங்காலின் பின்புறத்தைத் தட்டுவார். அவ்வளவே அவருடைய பாடத்திட்டம்.

தப்பைப் பற்றியும் கூறாதிருக்க இயலாது. நெருப்பிலே வாட்டி முறுக்கேற்றப்படும் அதே தப்புத்தான் ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது. வேலைக்கு எழுப்பிய ஒலியும் இரவு முழுதும் ஆடவைத்த ஒலியும் ஒரே தோலிலிருந்து பிறந்தன. ஆனால் அதனை அடிப்போரைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தோம். பள்ளிக்கூடம் சென்ற எம்மிற் பலர் தப்போசை கேட்டால் நாணித் தலைகுனிந்தோம். நானும் அவ்வாறு நின்றவனே. நகரத்துப் பாடசாலை நண்பர்களோடு இருக்கையில், மாசி மாதத்தில் ஊருக்குப் போவதேன் என அவர்கள் வினவினால் தேர்த் திருவிழாவுக்கு என்பேன்.

லெக்கோக்கின் பள்ளியிலே நடுநிலை முகமூடி என்றொன்று உண்டு. மகிழ்ச்சியோ துயரமோ காட்டாத முகம் அது. அதனை அணிந்த மாணவன் 'அடிப்படைப் பயணம்' எனப்படும் பயிற்சியைச் செய்கிறான்: கடலிலிருந்து வெளிவருகிறான், காட்டைக் கடக்கிறான், மலையேறுகிறான், ஆற்றைத் தாண்டுகிறான், வெளிநிலத்தை அடைகிறான். பேச்சின்றி, உடலால் மட்டும். இதனைப் படித்தபோது நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் இருந்தேன். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கினர்; வன்னிக் காட்டினூடே நடந்தனர்; தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்து மலையேறினர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தோர் பலர். மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இல். அதற்கு முன்னே எத்தனையோ ஆயிரம் கால்கள் வந்துவிட்டன. பாரிசு மாணவனுக்கு அது கற்பனைப் பயணம். எங்களுக்கு அது குடும்ப வரலாறு. ஆயினும் அதனை உடலால் ஆடிக் காட்டும் அரங்கொன்றை நாங்கள் இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை.

கற்பித்தோரையே இழந்தமை இதற்கொரு காரணம். 1948இன் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ஒரு குடும்பம் இராமேசுவரத்துக்குக் கப்பலேறும்போது ரதியின் புலம்பலை முழுதும் மனனஞ் செய்திருந்தவரும் உடன் போய்விடுவார். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் புதிதாய்த் தேயிலைக் கொழுந்து பறித்தனர். இங்கே எஞ்சியவர் நினைவிலிருந்த அளவிலே ஆடினர்.

அண்மைக் காலத்தில் ஆசியாவிலேயே ஒரு மாற்றுவழி திறந்தது. சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன், டி. சசிதரனோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் நடிகர் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கினார். பின்னர் பல்பண்பாட்டு அரங்க நிறுவகமாக அது வளர்ந்தது. மூன்றாண்டுப் பயிற்சியிலே கூடியாட்டம், நோ, பெய்ஜிங் இசைநாடகம், யாவாவின் வயாங் வொங் என்பன அவ்வம் மரபின் ஆசான்களைக் கொண்டே கற்பிக்கப்பட்டன. குவோ 1988இல் மேடையேற்றிய, தாயொருத்தி தன் பூனையைத் தேடும் நாடகத்திலே ஒரு காட்சி உண்டு. ஹொக்கியன் மொழி பேசும் மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் சந்திக்கின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் உடலாலும் தத்தம் பூனையைப் பற்றிப் பேசி, அவள் தன் பிள்ளைகளோடு கொள்ள முடியாத உறவை அந்நியரோடு கொண்டுவிடுகிறாள். உடல்சார் அரங்கு எதற்கு என வினவுவோருக்கு அக்காட்சியைச் சுட்டலாம்.

அனுமதி விண்ணப்பங்கள் முன் பயிற்சியின் சான்றை வேண்டுவது வழக்கம். அரங்கியல் பாடம் பயின்ற மாணவர் சான்றிதழை இணைப்பர். பட்டறைகளிற் பங்குபற்றியோர் அதற்குரிய தாள்களை இணைப்பர். பத்து மாசி மாதங்கள் மன்மதனாக ஆடியவன் எதனை இணைப்பான்? அவனுடைய ஆசானுக்குக் கடிதத் தலைப்பு இல்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்கக்கூடியவை நம் பல்கலைக்கழகங்களே: கூத்து வாத்தியாரின் பயிற்றலைப் பதிவு செய்து, அவரை வருகைதரு ஆசானாக அழைத்து, அவரிடம் பயின்றதைப் பயிற்சியென ஏற்றல் இயலாத செயலன்று. சரச்சந்திராவின் மாணவர்முன் ஒரு குருன்னான்சே நின்றார் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

சென்ற மாசியில் நான் பொட்டலுக்குப் போனேன். வெளிநாட்டிலே ஆட்டம் படிக்க எண்ணியிருப்பதாக வாத்தியாரிடம் கூறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தப்புக்காரரை நோக்கிக் கையசைத்தார். பின்பு கம்பினால் என் முழங்காலின் பின்புறத்தைத் தட்டினார்.