கரைவலைத் தொழிலாளர்தம் மனவியல்பும் வறுமையும்: பாண்டிருப்புக் கரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கையிற் கிடைத்ததை அன்றே செலவிடுவர், நாளையைப் பற்றிய நினைவு அவர்க்கில்லை என்பது அன்றாடக் கூலியுழைப்பாளர்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டுவரும் குற்றச்சாட்டாகும். குடியேற்ற ஆட்சியாளர் தென்கிழக்காசிய மக்களைச் சோம்பேறிகள் எனச் சித்திரித்தமையின் உள்நோக்கத்தைச் சயிட் ஹுசைன் அலட்டாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். குணம் வறுமைக்குக் காரணமா, வறுமை குணத்தைத் தோற்றுவிக்கின்றதா என்ற வினாவைப் பாண்டிருப்புக் கரையில் வைத்தும் எழுப்பலாம்.

1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின்னர் அம்பாறை மாவட்டத்துள் அடங்கிய இக்கரையோரத்தில் கரைவலை தொன்றுதொட்டு வரும் தொழிலாகும். தோணியிலிருந்து வலையை அரைவட்டமாக வளைத்திட்டு, இருமுனைக் கயிறுகளையும் கரையில் இரு அணியினர் நின்று இழுப்பர். மடியில் அகப்பட்ட மீனை விற்றுச் செலவு கழித்த பின்னரே உடைமையாளர்க்கும் இழுத்தோர்க்கும் பங்கு பிரிக்கப்படும். மீன் இல்லையேல் பங்குமில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலோ கடல் கொந்தளித்து வலைவளைப்பு அரிதாகிவிடும். அக்காலத்து உணவுக்கு முதலாளியிடம் பெறும் முற்பணமே வழி; பெற்றவர் அடுத்த பருவத்தில் அவர் வலையையே இழுத்துத் தீர்க்கக் கடமைப்படுகின்றார். இத்தகையோர் சேமிக்கவில்லை என்று கூறுவதன் பொருள்தான் யாது?

மாதச் சம்பளம் பெறுவோரும் தம் குணச்சிறப்பால் மட்டும் சேமிப்பதில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவர்தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கைக்கு வருமுன்னரே பிடித்துவைக்கின்றது. பங்குக்கு இழுப்போர் நடைமுறையில் அவ்வேற்பாட்டுக்கு வெளியிலேயே நின்றனர்.

தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்புச் செய்கையாளரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு இவ்விடத்துப் பெரிதும் பயன்படுகின்றது. அறுவடைக்கு முன், கையில் பணமின்றியிருந்த வேளையில், சிந்தனைத்திறன் சோதனைகளில் குறைவாகச் செயற்பட்ட அதே மனிதர் அறுவடைப் பணம் கிடைத்தபின் மேம்பட்டுச் செயற்பட்டனர். மாறியது ஆளன்று, பருவமே. எனினும் இம்முடிவைக் கரைவலையாளர்க்கு அப்படியே பொருத்துதல் தகாது. கரும்புக்கு அறுவடைக்காலம் உண்டு, கடலுக்கு அதுவுமில்லை. பருவத்தின் நடுவிலும் வெறும் மடி கரையேறும். ஆதலின் செய்கையாளரைச் சில மாதங்கள் வருத்தும் நெருக்கடி, இவர்களை ஆண்டு முழுவதும் தொடர்கின்றது எனக் கருதலாம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைச் சூறையாடியது. தோணியும் வலையும் இழந்தோரின் இழப்பைக் கணக்கிட முடிந்தது. கயிறிழுத்தோரின் இழப்பைக் கணக்கிடுதல் அவ்வளவு எளிதன்று. அவர்க்கு ஊழிய ஒப்பந்தமோ சம்பளப் பதிவோ ஒருபோதும் இருந்ததில்லை.