அரசுப் பள்ளி மாணவர்க்கான உயர்கல்வி ஒதுக்கீடு: பெரம்பலூர், அரியலூர்

பெரம்பலூர் 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறுபடி இணைந்து, 2007இல் நிலையாகத் தனி மாவட்டமானது. ஒருபுறம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம், மறுபுறம் முந்திரிக்காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுவோர் இங்கே நிறைய. அவர்களில் யாருக்குக் கைகொடுப்பது என்பதற்கான அளவுகோல் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது.

நெடுங்காலம் அந்த அளவுகோல் பெரும்பாலும் சாதியே. 1921இன் வகுப்புவாரி அரசாணையில் தொடங்கிய வழி, 1994இல் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டமாக உறுதிப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே சேர்க்கைக்குப் போதுமென்றானது. 2010இல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுந்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது.

மருத்துவச் சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண் என்ற ஏற்பாட்டை நாடு முழுவதற்குமான நீட் நுழைவுத்தேர்வு குலைத்தது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளான அனிதா, 2017இல் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றவர். உச்ச நீதிமன்றத்தில் நீட்டுக்கு எதிரான வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டார். நீட் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடத்த வேண்டும் என ஆகஸ்ட் 22இல் நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 1இல் அனிதா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழகமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தனர்.

2019-20இல் மருத்துவப் படிப்பில் இடம்பெற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் வெறும் 6 பேர். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் குழு இவர்களுக்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு கேட்டது, அரசு 7.5 ஆக்கியது. அதற்கான மசோதாவுக்கு 2020 அக்டோபர் 30இல் ஆளுநர் ஒப்புதல் தந்தார். அந்த ஆண்டே பல் மருத்துவத்தையும் சேர்த்து எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. ஆனால் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்தைக் கேட்டு மலைத்துப்போனார்கள். கலந்தாய்வு தொடங்கிய சில நாளிலேயே, கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. இதை முன்கூட்டியே யோசித்திருக்கலாம்.

இன்னொரு முரண் இதைவிடப் பெரிது. இந்த ஒதுக்கீட்டைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அனிதா பிளஸ் டூ படித்ததோ தனியார் பள்ளியில். அவருக்கே இந்தச் சட்டம் உதவியிருக்காது.

2021இல் நீதிபதி டி. முருகேசன் ஆணையப் பரிந்துரைப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் 7.5 விழுக்காடு விரிந்தது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீட்டை ஏற்று, ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்யச் சொன்னது.

இடமும் கட்டணமும் கிடைத்தபின் கைச்செலவு மிச்சமிருந்தது. தாலிக்குத் தங்கம் தந்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022 செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’ ஆகி, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. மாணவருக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. அந்த ஆண்டு முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்தத் தொகை உண்டு, ஆனால் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை.