40 ஆண்டுக்கு 48 நாள்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்தின் அடியில், அத்தி மரத்தாலான பெருமாள் திருமேனி சயனித்திருக்கிறது. 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்து நீரை இறைத்து, திருமேனியை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சேவை. அதன்பின் மறுபடியும் நீருக்குள். ஆயுளில் இரண்டு முறை இந்த அத்தி வரதரைச் சேவித்தவர் பாக்கியசாலி. மூன்று முறை என்பது அரிதிலும் அரிது.

கோயில் மரபுப்படி பழைய மூலவர் இவர்தான். படையெடுப்புக்கு அஞ்சிக் குளத்தில் மறைத்துவைத்தார்கள் என்றும், பின்னர் பழைய சீவரத்திலிருந்து வந்த கல் திருமேனி மூலஸ்தானத்தில் அமர்ந்தது என்றும் சொல்வார்கள். அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. 1688இல் ஔரங்கசீப்பின் படைக்குப் பயந்து உற்சவரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வைணவத் துறவி ஆத்தான் ஜீயரின் முயற்சியும் தளபதி தோடர்மாலின் படைபலமும் சேர்ந்து 1710இல்தான் அவர் ஊர் திரும்பினார். கோயிலில் உள்ள கல்வெட்டே இதைச் சொல்கிறது.

40 ஆண்டு என்ற கணக்கு எப்போதும் பிசகாமல் நடந்ததில்லை. 1937இல் வெளியே வந்தவர் அடுத்து வந்தது 1979இல். எப்படியானாலும், ஒரு சேவைக்கும் மறு சேவைக்கும் நடுவே ஒரு தலைமுறையே உருண்டோடிவிடுகிறது. 1979இல் இளைஞராக நின்று கைங்கர்யம் செய்தவர் 2019இல் அறுபதைத் தாண்டியிருப்பார். செய்முறையை நேரில் கண்டவர் என்று கேட்டால் அவரைப் போன்ற சிலர்தான் மிஞ்சுவார்கள்.

2019இல் ஜூலை 1 முதல் வசந்த மண்டபத்தில் சேவை நடந்தது. ஜூலை முழுவதும், 31 நாள், சயனத் திருக்கோலம். ஆகஸ்ட் 1 முதல் நின்ற திருக்கோலம். தினம் ஒரு நிறத்தில் பட்டு சாத்தினார்கள். நெசவாளர் ஊரில் பட்டுக்கா பஞ்சம்? வந்த கூட்டம்தான் யாரும் எதிர்பாராதது. சுமார் ஒரு கோடிப் பேர் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகையோ இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஜூலை 18 அன்று நெரிசலில் 4 பேர் உயிரிழந்தனர். நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் கடைசி வாரத்தில் வந்து குவிந்தார்கள். அவர்கள் கணக்கில் ஒரு நாள் குறைவு வேறு: 48ஆம் நாள் சடங்குகளுக்கே போய்விட்டதால், பொதுமக்கள் சேவை ஆகஸ்ட் 16 இரவோடு முடிந்தது.

சேவை நாளை நீட்டிக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். திருடு போகும் அச்சமில்லாத காலத்தில் திருமேனியை மீண்டும் நீருக்குள் வைப்பானேன் என்றும் ஒரு கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டு முழுவதும் காணக் கிடைத்தால் அத்தி வரதரும் காஞ்சியின் பல சன்னிதிகளில் ஒன்றாகிவிடுவார். கோயில் மரபில் தலையிட முடியாது என்று நாளை நீட்டிக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்ட் 17 இரவு, தைலக்காப்பு சாத்தி அவரைக் குளத்துக்குள் எழுந்தருளச் செய்தார்கள். மரபுக் கணக்குப்படி அடுத்த சேவை 2059இல்.