முஸ்தபாவைக் கொன்ற பேட்டரி

பின்பால்னு சொன்னா நம்ம ஆளுங்க பல பேருக்கு ஞாபகம் வர்றது விண்டோஸ் எக்ஸ்பில இருந்த ஸ்பேஸ் கேடட்தான். காலேஜ் லேப்ல வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினதும் திறக்குற விளையாட்டு. நிஜமான பின்பால் மெஷினை, அதாவது நாலு கால், கண்ணாடி மூடி, உள்ளே உருளும் இரும்பு குண்டு, இதையெல்லாம் தொட்டுப் பார்த்தவங்க நம்ம பக்கம் கம்மி. ஆனா அந்த மெஷின் செத்த கதைக்கும், நம்ம ஊர் வீடியோ கேம் கடையில கொடிகட்டிப் பறந்த முஸ்தபா செத்த கதைக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. ரெண்டு பேரையும் கொன்னது ஒரு குட்டி பேட்டரி.

முதல்ல அமெரிக்கா. 1970களின் நடுப்பகுதி வரைக்கும் பின்பால்ல எல்லாமே ரிலே, மோட்டார், சுவிட்ச்தான். 1977 வாக்குல பாலி, காட்லீப் மாதிரி பெரிய கம்பெனிகள் மைக்ரோப்ராசஸருக்கு மாறினாங்க. கரண்டை நிறுத்தினாலும் அதிகபட்ச ஸ்கோர் அழியக்கூடாதே? அதுக்காக போர்டுலயே ஒரு நிக்கல்-காட்மியம் ரீசார்ஜ் பேட்டரியைப் பற்றவெச்சாங்க. அஞ்சாறு வருஷம் ஓடினா போதும்னு நினைச்சு செஞ்ச மெஷின். அது நாற்பது வருஷம் கழிச்சும் ஒருத்தர் வீட்டு ஹால்ல நிக்கும்னு யாருக்குத் தெரியும்?

அந்த பேட்டரி வயசானா கசியும். கசியுறது காரம். அது செம்புப் பாதையைத் தின்னு, சிப் கால்களைத் தின்னு, சாக்கெட்டைத் தின்னு, பச்சையா பூசணம் மாதிரி படியும். ஸ்கோரைக் காப்பாத்த வந்தவன் மூளையையே அரிச்சிட்டான்!

பாலி போர்டுல இருந்தது மோட்டோரோலா 6800. பல இடத்துல பயன்பட்ட சிப், தேடினா கிடைக்கும். காட்லீபின் முதல் தலைமுறை போர்டுல இருந்ததோ ராக்வெல் தயாரிச்ச 4-பிட் சிப்கள். ராக்வெல் நிறுத்தினதும் அதுக்கு மாற்றே இல்லை. 1927ல் சிகாகோவுல ஆரம்பிச்ச காட்லீப் 1996ல் இழுத்து மூடினாங்க. வில்லியம்ஸ் 1999ல் பின்பாலை விட்டே போயிட்டாங்க. மெஷின் இருக்கு, செஞ்சவன் இல்லை.

அப்புறம்தான் சின்னச் சின்ன ஆளுங்க களத்துல இறங்கினாங்க. காட்லீபுக்கு நி-வம்ஃப், பாலிக்கு ஆல்டெக், இன்னும் ராட்டன்டாக்னு மாற்று போர்டுகள் வந்துச்சு. பழைய கனெக்டரை அப்படியே செருகலாம். ஆல்டெக் போர்டுல பல மெஷின்களோட ப்ரோக்ராமும் ஒண்ணா இருக்கும், டிப் சுவிட்ச்சால தேர்ந்தெடுத்துக்கலாம். முக்கியமா, அதுல பேட்டரியே கிடையாது. கரண்ட் இல்லாமலே நினைவு வெச்சுக்கிற மெமரி வந்துடுச்சு.

சரி, இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம் :)

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் 90கள்ல வளர்ந்த அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்க. எங்க பெரியம்மா பையன் இன்னைக்கும் கதை கதையா சொல்வான். ரூபாய்க்கு ஒரு டோக்கன், இருட்டு ரூம், பின்னாடி நின்னு யோசனை சொல்ற கும்பல், மஞ்சள் தொப்பி முஸ்தபா. எனக்குக் கிடைச்சது அதுக்கப்புறம், ப்ரௌசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல ஓடின முஸ்தபாதான். விளையாட்டோட நிஜப் பேர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', கேப்காம், 1993. மார்க் ஷுல்ட்ஸ் வரைஞ்ச ஒரு காமிக்ஸ் கதையிலிருந்து எடுத்தது. நாலு பேர்ல ஒருத்தர்தான் முஸ்தபா கைரோ. நம்ம ஆளுங்க விளையாட்டுக்கே அவர் பேரை வெச்சுட்டாங்க. (1996ல் 'காதல் தேசம்' வந்ததும் பேர் இன்னும் ஆழமா ஒட்டிக்கிச்சுன்னு அண்ணன் கட்சி.)

கேப்காமுக்கு அப்போ பெரிய தலைவலி திருட்டு போர்டு. ரோம் சிப்பை எடுத்து காப்பி அடிச்சு, பாதி விலைக்கு வித்துடுவாங்க. அதனால ஒரு வேலை பண்ணாங்க. முஸ்தபா போர்டுல ஒலியைப் பார்த்துக்கிற ப்ராசஸர் ஒரு ஸ்பெஷல் இசட்-80. பேர் கபுகி. ப்ரோக்ராமைப் பூட்டி ரோம்ல வெச்சு, சாவியை கபுகிக்குள்ள, பேட்டரி தயவுல உயிர்வாழும் மெமரியில வெச்சாங்க. படத்தை வரையுற கேப்காம் சிப்போட செட்டிங்குக்கும் தனியா இன்னொரு பேட்டரி. யாராவது நோண்டி பேட்டரி இணைப்பு போச்சுன்னா சாவி காலி.

நோண்டாமலே இருந்தாலும் பேட்டரி என்னைக்கோ ஒரு நாள் தீரும்தானே? தீர்ந்துச்சு. காசு குடுத்து ஒரிஜினல் வாங்கினவன் போர்டு, ஒரு பார்ட்டும் உடையாம, ஒரு நாள் காலையில குப்பை. இதுக்கு ஆர்வலர்கள் வெச்ச பேர் தற்கொலை பேட்டரி. பின்பால் பேட்டரி விபத்து. இது திட்டம். எனக்கு இந்த வித்தியாசம்தான் உறுத்துது.

இதுல கூத்து என்னன்னா, 'டைனோபிக்'னு அழைக்கப்படுற திருட்டு போர்டு மாதிரியானதுல கபுகியே இல்லை. ஒலிக்கு சாதா பிஐசி சிப். சத்தம் மட்டமா இருக்கும், ஆனா கபுகி பேட்டரியால சாகாது. திருடனுக்கு வெச்ச கண்ணியில மாட்டினது வீட்டுக்காரன்!

மீட்ட கதையும் ஜோர். 1997ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சால்மோரியா மேம் எமுலேட்டரை வெளியிட்டார். பிறகு அந்தக் குழு கபுகியின் பூட்டைத் திறந்தாங்க. கபுகி ஒரே பைட்டை கட்டளையா படிச்சா ஒரு மாதிரியும், டேட்டாவா படிச்சா வேற மாதிரியும் அவிழ்க்கும். அப்போ சாதா இசட்-80 போட்டா எப்படி ஓடும்? அந்த சிப்ல எம்1னு ஒரு கால் இருக்கு. கட்டளை படிக்கும்போது மட்டும் சிக்னல் குடுக்கும். அவிழ்த்த ரெண்டு வடிவத்தையும் பெரிய ஈப்ராம்ல பக்கத்துப் பக்கத்துல எழுதிட்டு, எம்1 காலை அட்ரஸ் லைனா இணைச்சா முடிஞ்சது. எப்போ எதைப் படிக்கணும்னு சிப்பே தேர்ந்தெடுத்துக்கும். முதல் தடவை புரிஞ்சப்போ எழுந்து கை தட்டத் தோணுச்சு. 2016ல் கேப்காமின் அடுத்த தலைமுறை சிபிஎஸ்-2 போர்டுக்கே ஆர்டுயினோவால சாவியை மறுபடி ஏத்துற வழியும் வந்துடுச்சு.

'அதான் எமுலேட்டர் இருக்கே, போர்டு எதுக்கு?'ன்னு கேப்பீங்க. 2018ல் கேப்காம் பழைய அடிதடி விளையாட்டுகளைத் தொகுத்து வித்தப்போ ஏழு விளையாட்டு இருந்துச்சு, முஸ்தபா இல்லை. கம்பெனி விக்காத, போர்டும் செத்த ஒரு விளையாட்டு நமக்கு மிஞ்சினது, சட்டப்படி 'தப்பு' பண்ணின பசங்களாலதான். சாஃப்ட்வேர் எழுதித்தான் எனக்கும் சோறு, திருட்டுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா வாங்கினவன் கையில இருக்கிற பொருளுக்கு ஆயுசு குறிக்கிற உரிமை வித்தவனுக்கு உண்டா? இன்னைக்கு சர்வரை நிறுத்தினா செத்துப்போற சாமான் வீடு முழுக்க வெச்சிருக்கோம். அதுவும் தற்கொலை பேட்டரிதான், வடிவம்தான் வேற.

நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்காரங்களுக்கு இந்தத் தத்துவமெல்லாம் வேண்டாம். டிவி போர்டு போச்சா, யுனிவர்சல் போர்டு எடுத்து வைப்பாங்க, சாயங்காலத்துக்குள்ள சீரியல் ஓடும். அமெரிக்கப் பின்பால்காரர் செஞ்சதும் அதே வேலைதான்.

கடைசியா ஒரு உபயோகமான விஷயம். உங்க வீட்டுப் பரண்ல பழைய 386, 486 கம்ப்யூட்டர் ஏதாவது தூங்குதா? மதர்போர்டுல பீப்பாய் மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கான்னு பாருங்க. பின்பாலைத் தின்ன அதே ஜாதிதான் அது. இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே வெட்டி எடுத்துடுங்க. பச்சை படிஞ்சிருந்தா கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைங்க, காரம் அடங்கும். அப்பாகிட்ட சொல்லிட்டு ஏறுங்க, பரண் ஸ்டூல் ஆடும் :)